ஒரு சைஸ் பெரிசு

லாத்தா வருவதற்கு முன்னால் அவருடைய செருப்புச் சத்தம் மாடிப்படி ஏறி வரும். டப், டப், டப். காலைவிட ஒரு சைஸ் பெரிய ரப்பர் சிலிப்பர். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் அகலத்துக்குச் செருப்பு மிச்சமிருக்கும். அது படியை ஒரு முறை அடிக்கும், பிறகு அவர் குதிகாலை ஒரு முறை அடிக்கும். பதினெட்டுப் படி ஏறி முடிப்பதற்குள் கீழே பணம் மாற்றும் கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள்.

சூலியா தெருவில் அந்தப் பணம் மாற்றும் கடைக்கு மேல்மாடியில்தான் அவருடைய கம்ப்யூட்டர் கடை இருந்தது. கடை என்று சொன்னால் நீங்கள் பெரிதாக நினைத்துவிடுவீர்கள். ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு பூனை. ஆனால் வெளியே தொங்கிய பெயர்ப்பலகை கடையைவிடப் பெரியது. அது கீழே இறங்கி, பணம் மாற்றுபவரின் பலகையில் பாதியை மறைத்துக்கொண்டிருந்தது. அவர் மாதம் ஒரு முறை மேலே வந்து சண்டை போடுவார். "கடை வளரும்லா அண்ணே. வளர்ந்த பிறகு இன்னொரு போர்டு எழுதணும்னா எவ்ளோ வேலை?" என்று லாத்தா சமாதானம் சொல்வார்.

தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காவை லாத்தா என்பார்கள். அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவர் லாத்தாதான். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. ரசீதில் இருந்திருக்கும். அந்த ரசீதைத் தொலைந்துவிடக் கூடாதென்று மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தேன். எந்த இடம் என்பதுதான் நினைவில்லை.

அவரிடம் இருந்த எதுவுமே அவர் அளவுக்கு இல்லை. மூக்குக் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிடும் என்பதால், வானத்தில் விமானம் பார்ப்பவரைப் போல முகவாயை உயர்த்தித்தான் எதையும் படிப்பார். மோட்டார் சைக்கிளில் போகும்போது அவர் வலது பக்கம் திரும்புவார், ஹெல்மட் கொஞ்சம் கழித்துத் திரும்பும். ஒருவருக்குச் சமைப்பதற்கு அவர் வைத்திருந்த சட்டியில் ஒரு கல்யாண வீட்டுக்குக் குழம்பு வைக்கலாம். பூனைக்குக்கூடப் பெரிய பூனைக்கான கழுத்துப்பட்டை. பூனை அதைவிட்டு வெளியே நடந்து போய்விடும். லாத்தா தேடிப் பிடித்து மறுபடியும் மாட்டுவார்.

"பூனைக்கு எத்தனை வயசு லாத்தா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பதினொன்னு."

"இனிமே எங்க வளரப் போவுது?"

"அதை நீங்க எப்படிச் சொல்ல முடியும்?" என்று பூனையின் சார்பில் கோபித்துக்கொண்டார்.

நான் வளர்ந்த வீடு இதற்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் அலுவலகங்களில் கிராணியாகக் கணக்கெழுதிய குடும்பம். அளந்து வாங்குவதுதான் எங்கள் வீட்டு ஒழுக்கம். திரைத்துணி வாங்கப் போகுமுன் அப்பா சன்னலை மூன்று முறை அளப்பார். நான் நான்கு முறை அளந்து, கடைக்குப் போகும் வழியில் சந்தேகம் வந்து, திரும்பி வந்து ஐந்தாவது முறையும் அளப்பேன்.

லாத்தாவிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் என் மகள். அப்போது அவளுக்கு இரண்டு வயது. ஒரு கோப்பை சாக்லேட் பாலை என் மடிக்கணினியின் மேல் ஊற்றி, நான் அவளிடம் சொல்லும் அதே குரலில், "குடி, குடிச்சிட்டுத்தான் விளையாட்டு" என்று அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கணினி குடித்தது. அதோடு முடிந்தது.

அவள் ஏழாம் மாதமே பிறந்தவள். ஏழு வாரம் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். அந்த ஏழு வாரமும் தினம் ஒரு வீடியோ எடுத்திருந்தேன். எடை கூடிய நாள், மூக்குக் குழாயை எடுத்த நாள், முதன்முதலாக அறை முழுக்கக் கேட்கும்படி அழுத நாள். பிறகு வீட்டில் அவள் லேசாக இருமினால்கூட எனக்குப் பயம் வந்துவிடும். அப்போது அந்த வீடியோக்களைப் போட்டுப் பார்ப்பேன். அங்கிருந்து இங்கே வந்துவிட்டாள் அல்லவா என்று கொஞ்சம் தைரியம் வரும். அவை அந்தக் கணினியில் மட்டும்தான் இருந்தன. எடுத்த கைப்பேசி எப்போதோ பழுதாகிவிட்டது. இணையத்தில் ஏற்றிவைக்கலாம் என்று கணவர் பல முறை சொன்னார். யார் கண்ணில் படுமோ என்று பயந்து நான்தான் வைக்கவில்லை. பயந்து பயந்து செய்ததெல்லாம் கடைசியில் சாக்லேட் பாலில் வந்து நின்றது.

லாத்தா கணினியைத் தலைகீழாகப் பிடித்து முகர்ந்து பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க இதுக்கு?"

"சாக்லேட் பால்."

"சீனி போட்டதா?"

"ஒரு கரண்டி."

"அப்ப மெஷினுக்கு இனிப்புநீர் வியாதி வந்துடுச்சு. காப்பாத்த முடியாது. டிஸ்க் நனையலைன்னா உள்ள இருக்கறது பொழைக்கும். அழாதீங்க தங்கச்சி, நீங்க அழுதா பூனை ஓடிப்போயிடும்."

கணினியைப் பிரித்து, உள்ளே இருந்த டிஸ்க்கை எடுத்தார். ஒரு சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது. மேசையில் செங்கல் போன்ற ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதன் தலையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு பிளவுகள். டிஸ்க்கை ஒரு பிளவில் செருகி, பெட்டியின் வயரைத் தன் கணினியில் மாட்டினால் போதும். செத்த கணினியின் டிஸ்க் அங்கே திறந்துகொள்ளும். அதற்கு டாக் என்று பெயர் சொன்னார். என் மகள் அதைப் பார்த்தவுடன், "ரொட்டி!" என்று கத்தினாள். காலையில் நாங்கள் ரொட்டி வாட்டும் மெஷினைப் போலவேதான் இருந்தது.

"ஆமாண்டி கண்ணு, ரொட்டிதான். இப்ப வெந்துடும்," என்றார் லாத்தா. அன்றிலிருந்து எனக்கும் அது ரொட்டி மெஷின்தான்.

திரையில் என் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. லாத்தா உடனே நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். எந்த வாடிக்கையாளரின் படத்தையும் அவர் பார்க்க மாட்டார். "திறந்து பாத்துக்குங்க. நான் சுவரைப் பாக்கறேன். இந்தச் சுவர்ல எத்தனை விரிசல் இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

நான் ஒரு வீடியோவைத் திறந்தேன். மருத்துவமனை மெஷினின் பீப், பீப். பிறகு அந்த அழுகை. லாத்தா திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "அழுகை நல்லா கெட்டியா இருக்கு," என்றார்.

புதிய டிஸ்க் ஒன்று வாங்கி எல்லாவற்றையும் அதில் படியெடுக்க வேண்டும் என்றார். அங்கேதான் எங்களுக்குத் தகராறு.

"பழசு ஐந்நூறு ஜிபி. அப்ப புதுசு ஆயிரம்."

"ஐந்நூறுல பாதிகூட நிரம்பலை லாத்தா. ஐந்நூறே போதும்."

"போதாது."

"கணக்குப் பண்ணிட்டேன், போதும்."

"உங்க பிள்ளை இதோட நிறுத்திக்கப் போவுதா?"

லாத்தா என் மகளின் சட்டைக் கையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது என்ன, இறுக்கமா இருக்கு?"

"சரியாத்தானே இருக்கு?"

"சரியா இருந்தா அது இறுக்கம்தான்."

அவருக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். மகளுக்கு நான் ஒருபோதும் பெரிய அளவில் துணி வாங்கியதில்லை. எங்கள் வீட்டு ஒழுக்கம் அதற்குப் பாதிக் காரணம்தான். அடுத்த அளவுச் சட்டையைக் கடையில் கையில் எடுப்பேன். இதை இவள் போட்டுக்கொள்ளும் நாள் வருமா என்று ஒரு எண்ணம் எழும்பும் முன்பே திரும்ப மாட்டிவிடுவேன். அவள் ஒவ்வோர் அளவுக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்த அளவை வாங்குவேன். கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

கடைசியில் ஆயிரத்துக்கே ஒப்புக்கொண்டேன். கணவர் அன்று முழுவதும், "நல்லா தலையில கட்டிட்டாங்க" என்று சிரித்தார். அவர் சொல்வது சரிதானோ என்று நானும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம், படியெடுக்க வரச்சொன்னார். லாத்தாவின் கடையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றுவது, துடைப்பது எல்லாம் அவர் செய்வார். ஆனால் டிஸ்க்கைச் செருகிக் கடைசிப் பட்டனை அமுக்குவது உடையவர் கைதான். "உங்க பொருளு, உங்க கை," என்பார்.

இரண்டு டிஸ்க்கும் மேசையில் இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே கனம். இரண்டின் மேலும் லாத்தா வெள்ளைத் தாள் ஒட்டி, "பாப்பா" என்று எழுதியிருந்தார். தாளும் ஒரு சைஸ் பெரிசு. அச்சடித்திருந்த எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல் மூடிவிட்டது. வித்தியாசத்துக்கு ஒன்றில் சிவப்பு ரப்பர் பேண்ட், இன்னொன்றில் மஞ்சள் ரப்பர் பேண்ட்.

"கேட்டுக்குங்க. கம்ப்யூட்டர் வயர் வேணாம், இந்த மெஷின் தானே படியெடுக்கும். முன் ஓட்டையில இருக்கறதைப் பின் ஓட்டையில அப்படியே எழுதும். பின்னாடி என்ன இருந்தாலும் அழிச்சிட்டுத்தான் எழுதும். அதனால பிள்ளையோடது முன்னாடி, காலி பின்னாடி. ரப்பர் பேண்டைக் கழட்டிட்டுப் போடுங்க, அஞ்சு செகண்ட் அமுக்குங்க. எது எதுன்னு தெரியும்ல? நாசி சோத்துப் பொட்டலம் மாதிரிதான்."

"தெரியும்," என்றேன். யாராவது தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

"நான் போய் நமக்குச் சோறு தப்பாவ் பண்ணி, பொட்டலமா வாங்கிட்டு வந்துடறேன்." டப், டப், டப் என்று இறங்கிப் போனார்.

மகள் மேசைக்கு அடியில் பூனைக்குக் கழுத்துப்பட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் முதலில் சிவப்பைத்தான் முன் பிளவில் வைத்தேன். கை தானாகச் செய்தது. பிறகுதான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

நாசி பொட்டலம் மாதிரி என்றாரே. நாங்கள் வழக்கமாக வாங்கும் நாசி கண்டார் சோற்றுக் கடையில் எல்லாப் பொட்டலமும் ஒரே தாளில்தான் வரும். காரக் குழம்பு ஊற்றியதற்குச் சிவப்பு ரப்பர் பேண்ட், காரமில்லாததற்கு மஞ்சள். சிவப்பு கணவருக்கும் எனக்கும். மஞ்சள் பிள்ளைக்கு. வாரம் தவறாமல் நான் பிரித்துக் கொடுப்பது. மஞ்சள் எப்போதும் பிள்ளைக்கு. அப்படியானால் பிள்ளையின் டிஸ்க் மஞ்சள் அல்லவா? நல்ல வேளை, யோசித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இரண்டையும் மாற்றினேன். மஞ்சள் முன்னால். சிவப்பு பின்னால். ஒரு முறை கும்பிட்டுவிட்டு ஐந்து எண்ணிப் பட்டனை அமுக்கினேன்.

சிவப்பு விளக்கு சிமிட்டியது. மெஷின் மூன்று முறை கத்தியது. நின்றுவிட்டது.

சரியாக ஐந்து எண்ணவில்லை போலிருக்கிறது. மறுபடி அமுக்கினேன். சிமிட்டியது, கத்தியது. மெதுவாக எண்ணி அமுக்கினேன். வேகமாக எண்ணி அமுக்கினேன். சொன்ன வேலையைச் செய்து முடிக்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. மொத்தம் ஒன்பது முறை.

டப், டப், டப். லாத்தா இரண்டரைப் பேருக்கு ஐந்து பொட்டலத்தோடு வந்தார்.

"என்ன சிவப்பா கண்ணைச் சிமிட்டுது?"

"உங்க மெஷின் சரியில்லை லாத்தா. ஒன்பது தடவை அமுக்கிட்டேன்."

அவர் முகவாயை உயர்த்தி மெஷினைப் பார்த்தார். பிறகு மேசையில் நான் கழற்றி வைத்திருந்த ரப்பர் பேண்டுகளைப் பார்த்தார். "முன்னாடி எதைப் போட்டீங்க?"

"பிள்ளையோடது. மஞ்சள்."

"மஞ்சளா?"

"பிள்ளைக்கு மஞ்சள்தானே?" என்று, அவர் கையிலிருந்த பொட்டலங்களில் மஞ்சள் ரப்பர் பேண்ட் போட்ட ஒன்றை எடுத்து ஆதாரமாகக் காட்டினேன்.

லாத்தா பொட்டலங்களைக் கீழே வைத்தார். அவரும் தரையில் உட்கார்ந்தார்.

"அலாமாக்," என்றார் மெதுவாக. "உள்ள சரக்கு இருந்தா சிவப்பு தங்கச்சி. காரம் இருக்குன்னு அர்த்தம். ஒன்னும் இல்லாம சப்புன்னு இருக்கறது மஞ்சள்."

அப்படியென்றால் நான் வெற்று டிஸ்க்கை எடுத்து என் மகளின் ஏழு வாரத்தின் மேல் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது முறை. ஐந்து ஐந்து செகண்ட் எண்ணி. கும்பிட்டுவிட்டு.

"இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"அடுத்தவங்க பிள்ளை படத்தை நான் எடுத்து வெக்க மாட்டேன்மா."

அவர் எழுந்தபோது கால் எழுந்தது, செருப்பு எழவில்லை. ஒற்றைச் செருப்போடு மேசைக்குப் போனார். பின் பிளவிலிருந்த டிஸ்க்கை உருவி, முன்னால் செருகி, வயரை மாட்டினார். சுவரைப் பார்க்க மறந்து, என்னோடு சேர்ந்து திரையையே பார்த்தார்.

கோப்பு வந்தது. லாத்தா ஒன்றை அமுக்கினார். பீப், பீப். அதன் பின்னால் அந்த அழுகை.

மேசைக்கு அடியிலிருந்து மகள் தலையை நீட்டி, "யாரு அழுவுறா?" என்று கேட்டாள்.

"நீதாண்டி!" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

லாத்தா பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். விரல்விட்டு ஏதோ எண்ணினார். பிறகு அவருடைய தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"தங்கச்சி… ஆயிரத்தைத் தூக்கி ஐந்நூறுக்குள்ள போடச் சொல்லியிருக்கீங்க. அது எப்படிப் போடும்? பின்னாடி இருக்கறது சின்னதா இருந்தா இந்த மெஷின் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. இடம் பத்தாது, இடம் பத்தாதுன்னு ஒன்பது தடவை உங்ககிட்ட கத்தியிருக்கு!"

முதலில் அவர் சிரித்தார். பிறகு நான். அழுகையும் சிரிப்பும் ஒரே வழியாக வெளியே வரப் பார்த்து எனக்கு விக்கல் எடுத்தது. விக்கலைப் பார்த்து அவர் மேசையில் சாய்ந்துவிட்டார். மகள் எதற்கென்று தெரியாமலே குதித்தாள். பூனை கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு ஓடியது. நான் சொன்ன ஐந்நூறையே அவர் கொடுத்திருந்தால், இரண்டும் ஒரே அளவாக இருந்திருந்தால், அந்த மெஷின் முதல் அமுக்கிலேயே சத்தமில்லாமல் வேலையை முடித்திருக்கும். அதை நினைத்ததும் என் சிரிப்பு நின்றது. அடுத்த நொடி மறுபடியும் சிரிப்பு.

பணம் மாற்றும் அண்ணன் மூச்சிரைக்க மேலே வந்தார். "என்னா இது, கூரை விழுந்துடுச்சா?"

"அண்ணே, சைஸ் பெரிசா வாங்கினதால ஒரு பிள்ளை பொழைச்சுது அண்ணே!" என்றார் லாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அண்ணன் எங்கள் மூவரையும் பார்த்தார். "போர்டைக் கழட்ட மாட்டேன்னு நேரா சொல்லிட்டுப் போலாம்லா. இதுக்கு ஒரு கதையா?" என்று திரும்பி இறங்கினார்.

சாப்பிட உட்காரும் முன் லாத்தா என் கையைப் பிடித்தார். "தப்பு என்னோடது. எனக்குத் தெரிஞ்சது எல்லாருக்கும் தெரியும்னு விட்டுட்டேன்." மேசையில் கிடந்த ரப்பர் பேண்ட் இரண்டையும் கத்தரியால் வெட்டிப் போட்டார். புதிதாக இரண்டு தாள் எடுத்து, ஒன்றில் "உயிர்" என்றும் இன்னொன்றில் "காலி" என்றும் எழுதி ஒட்டினார். எழுத்து அவ்வளவு பெரிதாக இருந்ததால் "காலி"யின் கடைசி எழுத்து டிஸ்க்கின் பின்பக்கத்துக்குப் போய்விட்டது. உயிர் முன்னால், காலி பின்னால். நான் அமுக்க மாட்டேன் என்றேன். "உங்க பொருளு, உங்க கை," என்று அவர் விடவில்லை. இந்த முறை விளக்குகள் ஒவ்வொன்றாக நீலமாக ஏறின. நாங்கள் ஐந்து பொட்டலத்தையும் தின்று தீர்த்தோம்.

படியெடுத்து முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. லாத்தா டப், டப் என்று இறங்கிப் போய், கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் சாமான் விற்பவரிடம் என் மகளுக்கு ஒரு மழைச்சட்டை வாங்கிவந்தார். மஞ்சள் நிறம். மகளுக்கு மாட்டினால் அவளைக் காணவில்லை. சட்டை மட்டும் தரையில் குவிந்து கிடந்து உள்ளேயிருந்து சிரித்தது.

"இது ஏழு வயசுப் பிள்ளைக்கு லாத்தா!"

"ஏழு வயசு ஆகும்லா," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நாளைக்குச் சனிக்கிழமை என்பதைப் போலச் சொன்னார். அந்த இரண்டு வருடமும் நான் கேட்டதெல்லாம் "பார்க்கலாம்" என்ற சொல்லைத்தான். மருத்துவர்கள் பார்க்கலாம் என்றார்கள், தாதிகள் பார்க்கலாம் என்றார்கள், மாமியார் கடவுளைப் பார்த்துப் பார்க்கலாம் என்றார். ஆகும் என்று என்னிடம் சொன்ன முதல் ஆள், பிளாஸ்டிக் குவியலுக்குள் என் பிள்ளையின் தலையைத் தேடிக்கொண்டிருந்த லாத்தாதான். அதற்கு மேல் நான் மறுக்கவில்லை. சட்டையை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழை விட்ட பிறகும் கையிலேயே வைத்திருந்தேன்.

அடுத்த வருடம் அந்த மேல்மாடியைக் கட்டட உரிமையாளர் பயணிகள் விடுதியாக்க எடுத்துக்கொண்டார். லாத்தா தீவின் மறுகோடியில் பாலிக் புலாவ் பக்கம் போய்விட்டார் என்று பணம் மாற்றும் அண்ணன் சொன்னார். "புதுக் கடை எப்படி அண்ணே?" என்றேன். "பந்து விளையாடலாம், அவ்ளோ பெரிசு. மேசை மட்டும் அதே ஒன்னு," என்றார். பலகையை லாத்தா எடுத்துப் போகவில்லையாம். அது இன்னும் அங்கேதான் தொங்குகிறது. "கிடக்கட்டும்லா," என்றார் அண்ணன், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

இந்த வருடம் மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் பள்ளிவிடும் நேரத்தில் நல்ல மழை. வாசலில் அந்த மஞ்சள் சட்டையோடு நின்றாள். ஏழு வயதாகிவிட்டது. ஆனாலும் சட்டைக் கைகள் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின, தொப்பி கண்ணை மூடியது. லாத்தா வாங்கியது ஏழு வயது அளவு அல்ல, அதற்கும் ஒரு சைஸ் பெரிசு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"அம்மா, இது இன்னும் எனக்குப் பெரிசா இருக்கு," என்று தொங்கிய கைகளை ஆட்டிக் காட்டினாள்.

குடையை மடக்கிவிட்டு மழையிலேயே சிரித்தேன். "இருக்கட்டும்டி," என்றேன். "வளருவேலா."